கொழுந்தாடைக் கட்டு

திண்டிவனம்
2 மார்ச் 2025

மலர்,

போனில் என்னை பிளாக் செய்துவிட்டாய். ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றேன்; உங்கள் வார்டன் அம்மா என்னைப் பிள்ளை பிடிக்கிறவன் மாதிரி பார்த்தார். தபால்காரரை பிளாக் செய்ய இன்னும் யாரும் வழி கண்டுபிடிக்கவில்லை. அதனால்தான் இது. பள்ளிக்கூடத்தில் லீவு லெட்டர் எழுதியதற்குப் பிறகு நான் எழுதுகிற முதல் கடிதம், கோழி கிளறியது மாதிரி இருந்தால் பொறுத்துக்கொள்.

நம் எரிகட்டை மிஷின் நன்றாக ஓடுகிறது என்று எழுதத்தான் நினைத்தேன். பொய் எழுதினால் நீ கண்டுபிடித்துவிடுவாய். கடலை உடைத்த மல்லாட்டைத் தோலை ஒரு பிடி அள்ளி நெரித்துப் பார்த்தே ஈரம் இருக்கிறதா இல்லையா என்று நீ சொல்வாய். நான் மீட்டரைக் குத்திப் பார்த்துவிட்டுக் கொட்டுகிறேன். உள்ளே ஆவி அடைத்துக்கொண்டு கட்டை டப்பென்று வெடித்து வெளியே வருகிறது. பக்கத்து ரைஸ்மில்காரர் தினமும் எட்டிப் பார்த்து, “இன்னாப்பா, தீவாளியா?” என்று கேட்டுவிட்டுப் போகிறார்.

கரும்புச் சோகையில் அழுத்திய கட்டை மட்டும் ஒரு குறையும் இல்லை. பாய்லர்காரர்கள் நிலக்கரியை விட்டுவிட்டு இதைத்தான் கேட்கிறார்கள். சோகைக் கூழில் தட்டு செய்ய நீ வரைந்து கொடுத்த அச்சு வந்து இறங்கிவிட்டது. தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறேன். நீ இல்லாமல் அதைத் தொடவில்லை.

அன்றைக்கு எங்கள் கரும்புக் கொல்லையில் நடந்ததைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அப்பா குணம் உனக்குத் தெரியும், கோபம் வந்தால் ஆள் பார்க்க மாட்டார். நான் அந்த நேரம் பாய்லர் கம்பெனிக்காரரோடு போனில் இருந்தேன். திரும்பிப் பார்ப்பதற்குள் உன் அம்மா வரப்பேறிப் போய்விட்டார். நான் கவனித்திருந்தால் விட்டிருப்பேனா?

நம் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா என் முகத்தையே பார்க்கவில்லை. சோகைக்கு விலை உண்டு என்று தெரிந்த பிறகுதான் வீட்டுக்குள் விட்டார். அவர் கொல்லைச் சோகையைக் கொடுத்ததால்தான் ஊரே கொடுத்தது. இப்போதுதான் எல்லாம் கூடி வந்தது. ஒரு கட்டுப் பச்சைக்காக ஒரு குடும்பம் உடைய வேண்டுமா, மலர்? யோசித்துப் பார்.

வல்லரசு


விழுப்புரம்
17 மார்ச் 2025

வல்லரசு அவர்களுக்கு,

கோபம் வந்தால் எனக்கு மரியாதை தானாக வந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே இந்தக் கடிதம் முழுக்க 'நீங்கள்'தான். சந்தோஷப்பட வேண்டாம்.

ஒரு கட்டுப் பச்சை என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் நிலத்துக்காரர் வீட்டில் வளர்ந்தவர். உங்களுக்கு அது பச்சை. எங்களுக்கு அதற்குப் பெயர் உண்டு. கரும்பு வெட்டுகிற கூலி வேறு, கொழுந்தாடை வேறு. கரும்பு ஆலைக்கு, காய்ந்த சோகை நெருப்புக்கு, நுனியில் இருக்கிற பச்சை வெட்டுகிறவளுக்கு. இதை யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் கேட்டு வாங்கியதும் இல்லை. சாயங்காலம் வெட்டு முடிந்தால் ஆளுக்கொரு கட்டு கட்டிக்கொண்டு கிளம்புவார்கள். அந்தக் கட்டில்தான் எங்கள் வீட்டுச் செவலை பால் கறந்தது. அந்தப் பாலில்தான் நான் டிப்ளமோ படித்தேன். நீங்கள் காலேஜ் கேன்டீனில் என்னைப் பார்த்து இளித்ததற்கெல்லாம் செலவு செய்தது அந்தக் கொழுந்தாடைதான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. நிறைகட்டை ஒருத்தியாகத் தலையில் ஏற்றிக்கொள்ள முடியாது. பக்கத்தில் யார் நின்றாலும் ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட வேண்டும், நிலத்துக்காரரே நின்றாலும். உங்கள் அப்பாவே என் அம்மாவுக்குத் தூக்கிவிட்டதை நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போது பார்த்திருக்கிறேன். கட்டைத் தொடுவார், கையைத் தொட மாட்டார். ஆனாலும் தூக்கிவிட்டார்.

அன்றைக்கு நடந்ததை அம்மா எனக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அப்படியே எழுதுகிறேன்.

“மிஷினாண்ட தம்பி நின்னுக்கினு இருந்தாரு. தம்பி, கொஞ்சம் தூக்கி உடுங்கன்னு கேட்டேன். என்னப் பார்த்தாரு. அப்புறம் போனப் பார்த்துக்கினாரு.”

போனில் பேசிக்கொண்டிருந்ததாக நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். பேசுகிறவன் போனைக் காதில் வைத்துக்கொள்வான், அதைப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டான்.

அப்புறம்தான் உங்கள் அப்பா வந்தார். கட்டைக் காலால் தள்ளினார். அம்மா அதைப் பிடித்துக்கொண்டிருந்ததால் அதோடு சேர்ந்து சாலில் உட்கார்ந்துவிட்டார். “இது கம்பெனி சரக்கு. உம் பொண்ணு கம்பெனிதான? அவளப் போய்க் கேளு” என்றாராம். அம்மாவும் கேட்டார். வீட்டுக்கு வந்து, “ஏன்டி, கொழுந்தாடையும் உன்துதானாமே?” என்று கேட்டார். அன்றைக்கு ராத்திரியே நான் பெட்டியைக் கட்டியது அதனால்தான். உங்கள் அப்பாவுக்காக இல்லை.

இதை ஆரம்பித்தது நான் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. வெட்டு முடிந்ததும் சோகையைக் கொளுத்துவார்கள். புகை நேராகக் காலனிக்குள் வரும். என் அப்பா பெரியசாமி அந்த மாதங்களில் உட்கார்ந்தபடியேதான் தூங்குவார், ஒரு தை மாதம் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அந்தப் புகையை நிறுத்தத்தானே இந்த மிஷினைத் தேடினோம்? இப்போது அம்மா என்ன சொல்கிறார் தெரியுமா? “புகையும் போச்சு, மாடும் போச்சு.”

ஆமாம், செவலையை விற்றாயிற்று. கண்டாச்சிபுரம் சந்தையில் ஒரு தரகர் பிடித்துக்கொண்டு போனார். வைக்கோலும் உங்கள் ஆட்களுக்கே போகிறது. வெறும் கழனித் தண்ணியில் எத்தனை நாள் வைத்திருப்பது?

மலர்விழி


திண்டிவனம்
9 ஏப்ரல் 2025

மலர்,

பார்த்தேன். உன் அம்மாவையும் பார்த்தேன், அப்பா வருவதையும் பார்த்தேன். போனில் யாரும் இல்லை.

கை எழும்பியது என்று எழுதினால் நம்புவாயா? எழும்பியது. அதற்குள் அப்பா வரப்பில் ஏறிவிட்டார். காலனிக்கார மாமியாருக்குப் பிள்ளை சுமை தூக்கிவிடுகிறான் என்று அவர் ஊர் முன்னால் பார்க்கப் போகிறாரே என்று ஒரு நிமிஷம் யோசித்தேன். ரொம்ப நாள் கழித்து என்னை “நம்ம வல்லரசு” என்று நாலு பேரிடம் சொல்ல ஆரம்பித்திருந்தார். அந்த வார்த்தைக்கு ஆசைப்பட்டுவிட்டேன். உன்னைக் கட்டிக்கொள்ள அவரை எதிர்த்தவன், ஒரு கட்டைத் தூக்கிவிட பயந்தேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சோகை வாருகிற மிஷின் வந்து முடிக்கும்வரை கொல்லையில் யாரும் இறங்கக் கூடாது என்று ஆர்டர் போட்டது அப்பா இல்லை, நான்தான். ஆட்கள் மிதித்தால் சோகையில் மண் ஏறுகிறது, மண் போனால் கட்டை மிஷினில் அச்சு தேய்கிறது. நாலு நாள் அப்படியே காயட்டும், பிறகு மொத்தமாக வாரிக் கட்டிக்கொள்கிறோம் என்று விவசாயிகள் குரூப்பில் போட்டேன். பச்சையும் சோகையும் ஒன்றாகக் காய்ந்து ஒன்றாகத்தான் வந்தது. அச்சு தேயக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா அன்றைக்குக் காவல் காத்தது என்னுடைய ஆர்டரை.

செவலையைத் தேடிப் போனேன். அந்தத் தரகரைப் பிடித்துவிட்டேன். மாடு கைமாறி எங்கேயோ போய்விட்டது என்று கையை விரித்தார். அதனால் அதே சந்தையில் வேறு மாடு பார்த்திருக்கிறேன். மயிலைக் கறவை, சாது. டிரைவர் சீனுவாசன் நாளைக்கு டெம்போவில் ஏற்றிக்கொண்டு போய் உன் அம்மா வீட்டில் கட்டிவிட்டு வருவார். ஏதோ மருமகன் வாங்கிக் கொடுத்தான் என்று இருக்கட்டும். திருப்பி அனுப்பச் சொல்லாதே.

உன் தலையணை உறையை இன்னும் துவைக்கவில்லை. இதை எழுதலாமா கூடாதா என்று தெரியவில்லை, எழுதிவிட்டேன்.

வல்லரசு


விழுப்புரம்
4 மே 2025

வல்லரசு அவர்களுக்கு,

நான் திருப்பி அனுப்பச் சொல்லவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அம்மாவைப் பார்க்கப் போனபோதுதான் மாடு வந்ததும் தெரிந்தது, போனதும் தெரிந்தது.

அம்மா கோபப்பட்டு அனுப்பியதாக நினைக்க வேண்டாம். கட்டுத்தறியில் கட்டி, தண்ணீர் காட்டி, ரெண்டு நாள் வைத்திருந்திருக்கிறார். கழுத்தைத் தடவிக்கொடுத்துக்கொண்டு அழுதாராம், பக்கத்து வீட்டுச் செண்பகம் சொன்னாள். மூன்றாம் நாள் சீனுவாசனுக்கு யாரையோ விட்டுப் போன் போடச் சொல்லி ஏற்றிவிட்டிருக்கிறார். ஏன்மா என்று கேட்டேன்.

“மாட்டக் குடுத்துட்டாரு சரி. தீனி எங்க? தீனிய அவரு மிஷினு துண்ணுது, மாட்ட நான் கட்டிக்கினு வாயில்லா ஜீவன் மூஞ்சியப் பார்த்துக்கினு இருக்கறதா?”

இதற்குமேல் நான் சொல்ல என்ன இருக்கிறது? உங்களுக்கு நல்ல மனசு உண்டு. அது எப்போதும் கொஞ்சம் தள்ளியே போய் விழுகிறது, அவ்வளவுதான். காலனியில் இன்னும் நாலைந்து வீட்டில் மாட்டை விற்றுவிட்டார்கள். செண்பகம் மட்டும் ரெண்டு ஆடு வைத்திருக்கிறாள். எல்லார் வீட்டுக்கும் டெம்போவில் மாடு அனுப்புவீர்களா?

நான் இங்கே சொட்டுநீர்ப் பைப் விற்கிற கடையில் சேர்ந்திருக்கிறேன். விவசாயிகள் வருகிறார்கள். “திண்டிவனத்துல கட்டை மிஷினு வெச்சிருக்கறவங்க சம்சாரம்தானம்மா நீ?” என்று ஒருத்தர் கேட்டார். பைப் எத்தனை மீட்டர் வேண்டும் என்று கேட்டேன்.

தலையணை உறையைத் துவைத்துவிடுங்கள். சிக்குப் பிடிக்கும்.

மலர்விழி


திண்டிவனம்
1 பிப்ரவரி 2026

மலர்,

எழுதி எழுதிக் கிழித்ததில் இந்த வருஷம் நம் மிஷினுக்கு நானே கொஞ்சம் தீனி போட்டிருப்பேன். சொல்ல ஏதாவது செய்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன்.

ஆர்டரை மாற்றிவிட்டேன். வெட்டும்போதே கொழுந்தாடையைத் தனியாக நறுக்கி வரப்பில் போட வேண்டும். வெட்டினவர்கள் எடுத்துக்கொண்டு போன பிறகுதான் வாருகிற மிஷின் கொல்லைக்குள் இறங்கும். சோகை மட்டும்தான் நமக்கு. மண் ஏறினால் ஏறட்டும், அச்சை மாற்றிக்கொள்கிறேன். இதற்கு ஒத்துக்கொள்ளாதவர்களிடம் சோகை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். பாதிப் பேர் போய்விட்டார்கள். பழையபடி கொளுத்துகிறார்கள். உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன்.

அப்பாவிடம் இதைச் சொன்னபோது அவர் அமாவாசைக்கு மேல்மலையனூர் போய்விட்டு நெற்றி நிறைய குங்குமத்தோடு சாப்பிட உட்கார்ந்திருந்தார். பாதியில் எழுந்து கையைக் கழுவினார். “பொண்டாட்டி ஊட்டுக்குப் பயந்து தகப்பன் கொல்லைக்கே சட்டம் போடறியா?” என்றார். பயந்து இல்லை, நீங்களே அந்தக் காலத்தில் அவர்களுக்குத் தூக்கிவிட்டிருக்கிறீர்கள் என்றேன். அன்றிலிருந்து என்னோடு பேச்சு இல்லை. என் அம்மா குறுக்கே விழுந்துதான் எங்கள் கொல்லைச் சோகையை எனக்குக் கொடுத்திருக்கிறார்.

போன வாரம் எங்கள் கிழக்குக் கொல்லை வெட்டு. மேஸ்திரி சவுரிராயனிடம் முன்னாடியே சொல்லிவைத்தேன், அவரும் தலையாட்டினார். வரப்பு நெடுக கொழுந்தாடை பச்சைப் பசேலென்று கிடந்தது. தூக்கிவிட நானே நின்றேன், மலர். போனை டெம்போவிலேயே வைத்துவிட்டுப் போய் நின்றேன். சாயங்காலம் ஆட்கள் கத்தியைத் துடைத்துக்கொண்டு, வெறுங்கையை வீசிக்கொண்டு கிளம்பினார்கள். யாரும் குனியவில்லை. நான் சவுரிராயனைக் கேட்டேன்.

“யாருக்குத் தம்பி? எல்லாரும் மாட்ட வித்து ஒரு வருசம் ஆவுது. பாக்கெட்டுப் பாலு வாங்கறோம்.”

மறுநாளும் அப்படியே. வெயிலில் எல்லாம் சுருண்டுவிட்டது. மூன்றாம் நாள் நான் கொல்லைப் பக்கம் போகவில்லை, பார்க்க முடியவில்லை. கடைசியில் அதுவும் சோகையோடு சேர்ந்து மிஷினுக்குத்தான் வந்தது. யாரும் எடுக்கவில்லை, இனிமேல் அது நிஜமாகவே வேஸ்ட்தான். ஒரே வருஷத்தில் நான் அதை வேஸ்ட் ஆக்கிவிட்டேன்.

மயிலை இங்கே ஷெட்டில்தான் நிற்கிறது. மல்லாட்டைத் தோலை மோந்து பார்த்துத் தும்முகிறது. கறக்கக் கற்றுக்கொண்டேன், உதைக்கவும் அது கற்றுக்கொண்டது. இப்போது தீனி இருக்கிறது. மாட்டை மறுபடி அனுப்பட்டுமா? உன் அம்மாவிடம் கேட்டுச் சொல். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

வல்லரசு


விழுப்புரம்
15 பிப்ரவரி 2026

வல்லரசு,

மரியாதை குறைந்திருப்பதைக் கவனித்திருப்பாய். கோபம் ஆறிவிட்டது என்று அர்த்தமில்லை. கோபத்தைவிட வருத்தம் அதிகமாகிவிட்டது.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தலையணை உறை வரைக்கும் எழுதுகிற ஆள் என்பதால் முதலில் நான் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் வாசித்தேன். நீ வரப்பில் நின்ற இடம் வந்தபோது, “பாவம்” என்றார். யாரைச் சொன்னார் என்று கேட்கவில்லை.

வேஸ்ட் ஆக்கியது நீ மட்டும் இல்லை. மிஷின் வாங்க பேங்கில் கொடுத்த தாளை எழுதியவள் நான். சோகை, கொழுந்தாடை, வைக்கோல் எல்லாவற்றையும் சேர்த்து 'விவசாயக் கழிவு' என்று ஒரே வரியில் எழுதினேன். எனக்குச் சோறு போட்டதைக் கழிவு என்று எழுதியபோது என் கை நிற்கவில்லை. சுத்தமான எரிபொருள் என்று அடுத்த வரியில் எழுதிய சந்தோஷத்தில் இருந்தேன். உன் கை நீளாததை நான் ஊருக்கே சொல்லிவிட்டேன். என் கை நிற்காததை உனக்குக்கூட இதுவரை சொல்லவில்லை.

மாட்டை அனுப்பலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். வேண்டாம் என்றார். முதலில் வயதாகிவிட்டது என்று சமாளித்தார். நான் விடவில்லை. அப்புறம் சொன்னார்.

“முன்ன பத்துப் பேரு கட்டு எடுத்தோம். ஒருத்தரும் இன்னான்னு கேக்கல. இப்ப நான் ஒருத்தி எடுத்தா, மருமவன் இருக்கிற வரைக்கும் எடுக்கலாம். நாளைக்கி உம் மாமனாரு மனசு மாறினா நான்தான்டி திருடி.”

உன் ஆர்டர் நல்ல ஆர்டர். ஆனால் அது உன் ஆர்டர். முன்னே அது யாருடைய ஆர்டரும் இல்லை. அதைத்தான் நாம் ரெண்டு பேரும் சேர்ந்து கெடுத்தோம், இதை மிஷினில் கொடுத்துத் திரும்ப அழுத்தி எடுக்க முடியாது. நான் திரும்பி வருவேனா என்று இந்தத் தடவை நீ கேட்கவில்லை. கேட்காததால் சொல்கிறேன், எனக்குத் தெரியவில்லை. ஹாஸ்டலில் படுத்துக்கொண்டு மிஷின் சத்தத்தை நினைத்துக்கொள்கிற ராத்திரிகள் உண்டு. அதை வைத்து ஒன்றும் முடிவு செய்துவிடாதே.

ஒரு விஷயம் உனக்குத் தெரியாது. மூன்றாம் நாள் நீ கொல்லைக்குப் போகவில்லை என்று எழுதியிருந்தாய் அல்லவா? அன்றைக்கு அம்மா போயிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது காலியான கட்டுத்தறியில் ஒரு கொழுந்தாடைக் கட்டு சாய்த்து வைத்திருந்தது, பாதி காய்ந்துபோய். மாடே வேண்டாம் என்று சொல்கிறவர் இதை எதற்குத் தூக்கிக்கொண்டு வந்தார் என்று கேட்டேன். செண்பகம் ஆட்டுக்கு என்றார். பிறகு அவராகவே சொன்னார்: “ஒருத்தரும் எடுக்காம உட்டா, அது அவங்க சரக்குன்னே ஆயிடும். வெட்டுனவ ஒருத்தியாவது எடுக்கணும்.”

கட்டு ரொம்பச் சின்னதாக இருந்தது. அம்மா முன்பெல்லாம் கொண்டு வருவதில் பாதிகூட இல்லை. வயசாகிவிட்டதா என்று கேலி செய்தேன்.

“வயசு இல்லடி. முழுக் கட்டுன்னா தூக்கி உட ஆளு வேணும். வரப்புல யாரும் இல்ல.”

உங்கள் வடக்குக் கொல்லை வெட்டு இன்னும் பாக்கி இருக்கிறதாம். அன்றைக்கும் போவாராம்.

மலர்